ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைக்குத் தெரபியும் பள்ளியும்: சென்னைப் பெற்றோர் திட்டமிடுவதற்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளோடு வீட்டுக்கு வரும் பெற்றோர், அன்றிரவே தெரபி மையங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் என் மனைவியும் அப்படித்தான் தொடங்கினோம். எங்கள் மகனுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. வீடு வேளச்சேரியில். காலையில் அடையாறில் அன்றாடச் செயல்களுக்கான ஆக்குபேஷனல் தெரபி, நடுவில் மூன்று மணி நேரம் ஒரு ப்ளே ஸ்கூல், மாலையில் அண்ணா நகரில் பேச்சுப் பயிற்சி என்று எட்டு மாதம் ஓடினோம். மாலை ஏழரை மணிக்கு ஆட்டோவில் திரும்பும்போதே அவன் தூங்கிவிடுவான். பெரும்பாலான நாட்களில் இரவுச் சாப்பாடு கிடையாது. ஓரிடத்தில் வண்ணங்களின் பெயர், இன்னோரிடத்தில் மணி கோப்பது, மற்றோரிடத்தில் ஆங்கில எழுத்து என்று மூன்று இடத்திலும் மூன்று பாடம் நடந்தது. எட்டு மாத முடிவில் அவனுக்குப் பதினோரு வண்ணங்களின் பெயர் தெரிந்திருந்தது. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை.

அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டு, வேறு பல குடும்பங்களோடும் உட்கார்ந்து செய்து பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன். வீட்டில் குழந்தையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதிலிருந்து திட்டம் தொடங்க வேண்டும். எந்தத் தெரபி, வாரத்துக்கு எத்தனை முறை, எந்தப் பள்ளி என்பவையெல்லாம் அந்த நாளைக் குழந்தைக்கு எளிதாக்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இரண்டு வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பரிசோதனைகளும் அறிக்கையும்

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துச் செல்வது, வந்த சில சொற்களும் மறைந்து போவது ஆகியவற்றைக் கண்டும், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "இவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதால் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்னும் பல உண்டு. வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்லும் பாட்டியின் அக்கறையை நான் மதிக்கிறேன். அதற்காக ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற, 20 கேள்விகள் கொண்ட ஒரு வடிகட்டும் படிவம் இருக்கிறது. அது தமிழிலும் கிடைக்கிறது. அதன் விடை முடிவான நோயறிதல் ஆகாது, ஆனால் மருத்துவரிடம் போக வேண்டுமா என்பதைச் சொல்லிவிடும்.

பேச்சுப் பயிற்சிக்குச் சேர்க்கும் முன் காது பரிசோதனை நடந்திருக்க வேண்டும். சிறு குழந்தை ஒத்துழைக்காது என்பதால், தூங்கும்போது செய்யப்படும் பெரா என்ற சோதனையையே பெரும்பாலும் எழுதித் தருவார்கள். டிவியில் பாட்டு வந்தால் ஓடி வருகிறான், ஆகவே காது கேட்கிறது என்று நாமே முடிவு செய்துகொள்வது தவறு. மலச்சிக்கல், தூக்கக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பல் வலி ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தை, அவற்றைக் கத்தலாகவும் தலையை முட்டிக்கொள்வதாகவும் காட்டலாம் என்பதால் அவற்றையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தீர்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. கண் சொருகி நிலைகுத்தி நிற்பது, பேசிய குழந்தை திடீரென்று பேச்சை இழப்பது போன்றவை தெரிந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதில் தாமதம் வேண்டாம். தனியார் மருத்துவமனைக்கு வசதி இல்லாதவர்கள் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலிருந்தும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள என்.ஐ.இ.பி.எம்.டி. என்ற மத்திய அரசு நிறுவனத்திலிருந்தும் தொடங்கலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

அசெஸ்மென்ட் அறிக்கையில் ஐசா என்ற இந்திய அளவுகோலின் மதிப்பெண் இருக்கும். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 முதல் 106 வரை இருந்தால் லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்று பிரிக்கிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இந்த எண் தேவை. ஆனால் 'நடுத்தரம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாளைக் காலை வீட்டில் என்ன செய்வது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அறிக்கை தருபவரிடம், குழந்தை தனக்கு வேண்டியதை இப்போது எப்படித் தெரிவிக்கிறது, எது அதைக் கலங்கடிக்கிறது, எதில் தானாக ஈடுபடுகிறது என்ற மூன்றையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள்.

பதினைந்து நாள் நோட்டு

மையங்களுக்குப் போன் செய்வதற்கு முன், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப் பதினைந்து நாள் எழுதுங்கள். எழுந்த நேரம், தூங்கிய நேரம், சாப்பிட்டது, கழிப்பறை, கத்தியது, சிரித்தது, தானாக வந்து நம்மைத் தொட்டது ஆகியவற்றை நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். கத்தினான் என்று மட்டும் எழுதினால் பயனில்லை. அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது, பின்னர் நாம் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எங்கள் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "காலை 7.10. மிக்ஸி ஓடியது. காதைப் பொத்திக்கொண்டு ஹாலுக்கு ஓடினான். 7.20. குளிக்கக் கூப்பிட்டோம். தரையில் படுத்து அழுகை, 25 நிமிடம்." ஒன்பது நாளில் ஆறு நாள் இதே வரிசை வந்திருந்தது. குளிப்பதற்கு அடம் பிடிக்கிறான் என்று அதுவரை நினைத்திருந்தோம். மிக்ஸியில் சட்னி அரைப்பதை அவன் குளித்து முடித்த பிறகு என்று மாற்றினோம். முந்தின நாள் இரவே அரைத்து வைத்த நாளும் உண்டு. காலை அழுகை ஒரு வாரத்தில் பெருமளவு குறைந்தது. அதற்கு எந்த மையத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

நோட்டை வைத்து இப்போதைக்கு மூன்று குறிக்கோள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று, தனக்கு வேண்டியதைத் தெரிவிப்பது பற்றியதாக இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது, சாப்பாடு, தூக்கம், கழிப்பறை ஆகியவற்றில் வீட்டை அதிகம் வருத்தும் ஒன்று. மூன்றாவதைக் குழந்தைக்குப் பிடித்ததிலிருந்து எடுங்கள்: ஊஞ்சலோ, தண்ணீரோ, மின்விசிறி சுழல்வதைப் பார்ப்பதோ எதுவானாலும் அதில் இன்னொருவரும் சேர்ந்துகொள்ள இடம் கொடுப்பது. குறிக்கோளை எழுதும்போது பார்த்தவர் எவரும் நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய விதத்தில் எழுத வேண்டும். "தொடர்புத் திறன் மேம்பட வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. "தாகம் எடுக்கும்போது, யாரும் நினைவுபடுத்தாமல், தண்ணீர் படத்தை எடுத்து அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுப்பான், ஒரு நாளில் மூன்று முறையாவது" என்று எழுதினால் முடியும்.

நாங்கள் அதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவில், அவன் கண் உயரத்தில், வெல்க்ரோ பட்டை ஒட்டி, அவன் தினமும் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளரைப் படமெடுத்து அட்டையாக்கி மாட்டினோம். அவன் என் மனைவியின் கையை இழுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு வந்ததும், பின்னால் நின்றிருந்த நான் ஒன்றும் பேசாமல் அவன் கையை அட்டையின் மேல் வைத்து, அதைப் பிய்த்து அவளிடம் கொடுக்க வைத்தேன். அவள் "தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே அரை டம்ளர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அரை டம்ளர் என்பதால் இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் என் கை அவன் முழங்கை வரைதான் போனது; பத்தாம் நாள் நான் பின்னால் நிற்கவே இல்லை. மூன்றாவது வாரம் ஒரு மதியம், சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்த என் அம்மாவின் புடவையை இழுத்து, அவர் திரும்பியதும் அட்டையைக் கொடுத்தான். அவர் அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினார்.

படமோ செயலியோ கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகவே காட்டியிருக்கின்றன: படங்களும் குரல் தரும் செயலிகளும் பேச்சைத் தடுப்பதில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி தமிழிலும் இயங்குகிறது. அதில் வீட்டுப் பேச்சில் உள்ள சொற்களையே பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் "தண்ணி" என்று சொல்லும்போது செயலி மட்டும் "தண்ணீர் வேண்டும்" என்று சொன்னால் குழந்தை இரண்டையும் ஒன்றென்று அறிய நாளாகும்.

வீட்டு மொழி

பேச்சு தாமதமான குழந்தையோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று எங்களிடம் ஒருவர் சொன்னார். சென்னையில் இந்த அறிவுரையைக் கேட்காத பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. இரு மொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சி பின்தங்குவதில்லை என்பதையே ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. தாத்தாவும் பாட்டியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் தமிழ் பேசும் வீட்டில், பெற்றோர் மட்டும் தங்களுக்குச் சரளமில்லாத ஆங்கிலத்தில் "ஈட், ட்ரிங்க், சிட்" என்று மூன்று சொற்களில் பேசத் தொடங்கினால், குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவும் அன்பும் ஒருசேரக் குறைகின்றன. தாலாட்டும், "சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" என்பதும், சோறூட்டும்போது நிலாவைக் காட்டுவதும் ஆங்கிலத்தில் நமக்கு வராது.

தமிழில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் குழந்தையிடம் எப்போதும் "தண்ணி வேணுமா?", "போலாமா?", "தூக்கணுமா?" என்று கேள்வியாகவே பேசுகிறோம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி மொழியைக் கற்கும் குழந்தை, தனக்குத் தண்ணீர் வேண்டும்போதும் "தண்ணி வேணுமா?" என்றே வந்து சொல்கிறது. அதைப் பொருளில்லாத கிளிப்பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது கேட்கும் பேச்சுதான். குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்தில் நாமே சொல்லிக் கொடுத்தால் போதும்: டம்ளரை நீட்டும்போது "தண்ணி வேணும்", தூக்கும்போது "தூக்கு", கதவருகே "வெளிய போலாம்". வீட்டில் உள்ள எல்லோரும் இரண்டு வாரம் இப்படிப் பேசிப் பாருங்கள். பேச்சுப் பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியுமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது

ஆக்குபேஷனல் தெரபி என்பது உடல் அசைவு, ஒலி, தொடுகை போன்ற புலன் அனுபவங்களைக் குழந்தை தாங்கிக்கொள்வது, சாப்பிடுவது, உடுத்துவது முதலிய அன்றாடச் செயல்கள் ஆகியவற்றைப் பார்க்கிறது. பேச்சுப் பயிற்சி என்பது வாயால் பேசுவதை மட்டுமல்லாமல் எல்லாவகைத் தொடர்பையும் பார்க்க வேண்டும். சிறப்பாசிரியர் கற்றல், விளையாட்டு, பள்ளிக்கான தயாரிப்பு ஆகியவற்றைப் பார்க்கிறார். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் அந்தப் பதிவேட்டில் வருவதில்லை என்பதால் அவர்களுடைய பட்டப்படிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டத்தைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. செஷனை உள்ளே உட்கார்ந்தோ கண்ணாடி வழியாகவோ பெற்றோர் பார்க்கலாமா என்று கேளுங்கள். முதல் சில நாள் குழந்தை பழகும்வரை வெளியே இருக்கச் சொல்வது வேறு. மாதக்கணக்கில் கதவு மூடியே இருந்தால், அந்த இடம் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் நான் சேர்க்கமாட்டேன். உள்ளே போனால், குழந்தை அழும்போது தெரபிஸ்ட் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்க்க வைப்பது, சொன்னதைச் செய்யும்வரை பசியோடு இருக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டை மறுப்பது, கையை ஆட்டுவதை அடித்து நிறுத்துவது ஆகியவை எந்தப் பெயரில் நடந்தாலும் அங்கிருந்து குழந்தையை அழைத்து வந்துவிடுங்கள். நல்ல தெரபிஸ்ட் செஷனின் கடைசிப் பத்து நிமிடத்தில், "இன்றைக்கு இதைச் செய்தோம், வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இப்படிச் செய்யுங்கள்" என்று உங்களைச் செய்ய வைத்துத் திருத்துவார். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நாம் கட்டணம் கட்டுகிறோம் என்றே நான் நினைக்கிறேன். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சிறப்புப் பட்டம் இல்லாத பணியாளர்கள் பெற்றோருக்கு வழிகாட்டியதிலேயே, குழந்தைகள் தாமாகப் பெற்றோரிடம் தொடர்புகொள்வது கூடியது தெரியவந்தது.

வாரத்துக்கு எத்தனை செஷன் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். செஷன் 45 நிமிடம், போக வர ஒன்றரை மணி நேரம் என்றால், வாரம் ஐந்து செஷனுக்குப் பயிற்சி மூன்றே முக்கால் மணி நேரம், பயணம் ஏழரை மணி நேரம். அந்த ஏழரை மணி நேரத்தில் குழந்தை ஹாரன் சத்தத்திலும் வெயிலிலும் ஆட்டோவில் இருக்கிறது. வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் உள்ள, ஓரளவு நல்ல தெரபிஸ்டிடம் வாரம் மூன்று முறை போவது, நகரத்தின் மறுமுனையில் உள்ள பெயர்பெற்றவரிடம் தினமும் ஓடுவதைவிடப் பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது. பணத்தையும் இதே கண்ணோடு பாருங்கள்: நகையை அடகு வைக்காமல், பெற்றோரில் ஒருவர் அவசரப்பட்டு வேலையை விடாமல், இரண்டு ஆண்டு தொடர்ந்து கட்டக்கூடிய தொகை எதுவோ அதற்குள் திட்டம் அடங்க வேண்டும். வாரத்தில் இரண்டு மாலையாவது எந்தப் பயிற்சியும் இல்லாமல், பூங்காவுக்கோ பெசன்ட் நகர் கடற்கரைக்கோ போவதற்கென்று விட்டுவைக்க வேண்டும். குழந்தைக்கு அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் அந்த மாலைகள் தேவைப்படுகின்றன.

'குணமாக்கித் தருகிறோம்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் அதற்காக வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். உடலிலிருந்து உலோகங்களை நீக்கும் மருந்துகள் ஆபத்தானவை. பாலையும் கோதுமையையும் நிறுத்துவதால் ஆட்டிசம் குறையும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை; ஏற்கெனவே நாலே வகை உணவு சாப்பிடும் குழந்தையிடமிருந்து தயிர் சாதத்தையும் பிடுங்கிக்கொள்வதுதான் அதில் நடக்கிறது.

சான்றிதழும் சலுகைகளும்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று தயங்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால்தான் பெரும்பாலான உரிமைகள் கைக்கு வரும். யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். சிறு வயதில் தற்காலிகச் சான்றிதழ் தருவதும் உண்டு என்பதால் முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ் அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று எழுதியிருக்கும். முதன்முறை அதைப் படித்தபோது எனக்கு மனம் வலித்தது. மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்தும் குழந்தை புற உலகத்தை நம்மைவிடக் கூடுதலாகவே உணர்கிறது. அந்தப் பெயர் மாற வேண்டும் என்றே விரும்புகிறேன். படிவத்தை நிரப்பாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அட்டை கிடைத்ததும், மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில் தெரபிச் செலவுக்கும் இடமுண்டு. வருமான வரியைப் பழைய முறையில் கட்டுவோருக்கு வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. தமிழ்நாடு அரசின் உரிமைகள் திட்டத்தின் கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் திறக்கப்பட்டு வரும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தெரபிகள் கிடைக்கின்றன. உங்களுக்கு அருகில் எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பள்ளி

சென்னையில் பல தனியார் பள்ளிகள் அடுத்த ஜூனுக்கான எல்.கே.ஜி. சேர்க்கையை முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே தீபாவளி முடிந்ததும் பள்ளிகளைப் பார்க்கத் தொடங்க வேண்டும். சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிச் சட்டமோ, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், 40 விழுக்காடோ அதற்கு மேலோ சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்றும் சொல்கிறது. இந்தச் சட்டங்களைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே அவற்றை மேசையில் வைக்காதீர்கள். தினமும் ஐந்து மணி நேரம் உங்கள் குழந்தையோடு இருக்கப் போகும் ஆசிரியரின் நல்லெண்ணம் முதலில் வேண்டும்.

எங்களுக்கு ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சேர்க்கையின்போது ஆட்டிசத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் இடம் கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்ல, நாங்களும் மறைத்தோம். மூன்றாவது வாரத்தில், இறைவணக்கக் கூட்டத்து ஒலிபெருக்கிக்கு அருகே நிறுத்தியதால் அவன் ஓடிப்போய்ப் படிக்கட்டின் அடியில் ஒளிந்துகொண்டான்; நாற்பது நிமிடம் தேடியிருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன விதம் கொடுமையானதுதான். ஆனால் அவன் ஓடக்கூடும் என்று எச்சரித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். மறைக்காதீர்கள்.

மறைப்பதற்குப் பதிலாக ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொண்டு போங்கள். அதில் நோயின் இலக்கணம் வேண்டாம். எங்கள் மகனுக்காக இரண்டாவது பள்ளிக்கு எழுதியதில், அவனுக்குப் பிடித்தவை ரயில் வண்டியும் எண்களும் என்பது முதல் வரியாக இருந்தது. பிறகு, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும் காதில் விழுகிறது, அருகில் வந்து ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். திடீரென்று மணி அடித்தால் ஓடுவான், இரண்டு நிமிடத்துக்கு முன் சொல்லிவிட்டால் ஓடமாட்டான். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சொல்லமாட்டான், சட்டை நுனியைப் பிடிப்பான். கலங்கிவிட்டால் பேச வேண்டாம், ஜன்னலோரம் ஐந்து நிமிடம் விட்டால் போதும் என்று எழுதி, எங்கள் இருவரின் எண்ணையும் கொடுத்திருந்தோம். தலைமையாசிரியர் அதை வகுப்பு ஆசிரியரிடமும் ஆயாம்மாவிடமும் படித்துக் காட்டினார். அந்த ஒரு செயலாலேயே அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது, பள்ளி நடக்கும் நேரத்தில் போங்கள். வகுப்பில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணுங்கள். கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள்: வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறைக்குப் பழகிய குழந்தைக்கு அங்கே இந்தியக் கழிப்பறை இருந்தால், அதைக் கோடை விடுமுறையிலேயே பழக்க வேண்டியிருக்கும். வாசலில் ஆள் இருக்கிறாரா, பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு விழா ஒத்திகை எத்தனை வாரம் நடக்கும், அதில் கலந்துகொள்ள முடியாத குழந்தை அந்நேரம் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். இதற்கு முன் இப்படிப்பட்ட குழந்தைகள் படித்திருக்கிறார்களா, இப்போது எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டால் வரும் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதை ஒரே முறை எடுக்கும் முடிவாக நினைக்க வேண்டாம். குழந்தை தன் தேவையைத் தெரிவிக்க ஏதோ ஒரு வழி இருந்து, பள்ளியும் அந்த வழியைக் கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தால், பேச்சு இல்லாத குழந்தையும் சாதாரணப் பள்ளியில் சேரலாம். முப்பது பேர் உள்ள வகுப்பில் காலை முழுவதும் மூலையில் உட்கார்ந்திருக்கப் போகிறது என்றால், ஓராண்டு சிறப்புப் பள்ளியிலோ ஆரம்ப நிலைப் பயிற்சி மையத்திலோ தொடர்ந்துவிட்டு மாறுவதில் இழப்பு ஒன்றுமில்லை. 1985இல் தொடங்கப்பட்டு இப்போது கோட்டூர்புரத்தில் இயங்கி வரும் வித்யா சாகர் போன்ற நிறுவனங்களில் ஆலோசனை கேட்கலாம். அரசுப் பள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்: வட்டார வள மையங்களின் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்கள் அங்கே வருகிறார்கள், வர முடியாத குழந்தைக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. வீட்டுக்கு அருகில், பிள்ளைகள் குறைவாக உள்ள ஒரு மாநகராட்சிப் பள்ளியின் வகுப்பு சில குழந்தைகளுக்கு மிக நன்றாகப் பொருந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் குழந்தையின் பக்கத்திலேயே இருந்து உதவும் ஷேடோ டீச்சர் வேண்டும் என்று பள்ளி கேட்டால், அவருக்கு யார் சம்பளம் தருவது, வகுப்பு ஆசிரியர் எந்த வேலையைத் தன்னிடம் வைத்துக்கொள்வார், எத்தனை மாதத்தில் ஷேடோ விலகத் தொடங்குவார் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் குழந்தை முழுக்க ஷேடோவின் மாணவனாகிவிடும். வகுப்பு ஆசிரியருக்கு அதன் குரல்கூடத் தெரியாமல் ஆண்டு முடியும். தனிநபர் கல்வித் திட்டம் என்ற ஐ.இ.பி.யிலும் முதல் பருவத்துக்கு மூன்று குறிக்கோள் போதும், அவற்றுள் ஒன்று வீட்டில் நடக்கும் குறிக்கோளாகவே இருக்கட்டும். முதல் மாதம் இரண்டு மணி நேரம், பிறகு மூன்று என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி கேளுங்கள். பள்ளி தொடங்கும் அந்த மாதங்களில் தெரபி செஷன்களைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். இரண்டும் முழு அளவில் நடந்தால் குழந்தை தாங்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு, நோட்டை விரித்து வைத்துப் பாருங்கள். குறிக்கோள் நிறைவேறியிருந்தால் அடுத்ததை எழுதுங்கள். மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால், குறிக்கோளைச் சிறியதாக்குங்கள் அல்லது கற்றுக்கொடுக்கும் முறையை மாற்றுங்கள். ஆறு மாதமாகியும் அப்படியே இருந்தால் தெரபிஸ்டை மாற்றலாமா என்று யோசியுங்கள். ஆண்டின் சில வாரங்களில் எதுவும் நடக்காது என்பதை முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்தால் தூக்கம் கெடும், காது மூடும் ஹெட்ஃபோனை முன்பே பழக்க வேண்டும். நவம்பர் மழையில் பள்ளி விடுமுறையா என்று காலை ஆறு மணிக்குத்தான் தெரியும். அதற்கென்று 'இன்று பள்ளி இல்லை' என்ற ஓர் அட்டையைத் தயாராக வைத்திருங்கள்.

ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் ஒரு பக்கக் கடிதத்தைப் புதுப்பித்து எழுதி, புது வகுப்பு ஆசிரியரின் பெயரைக் கேட்டு வாங்கி, அவரை முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். புதுச் சீருடையை இரண்டு மூன்று முறை துவைத்து மென்மையாக்கி, கழுத்துப் பட்டையில் உள்ள லேபிளைத் தையல் பிரித்து எடுத்துவிட்டு, வீட்டிலேயே இரண்டு நாள் அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். பிறகு பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், அதே சீருடையில், அதே காலை நேரத்தில், பள்ளி வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், உள்ளே போகாமல் திரும்பி வாருங்கள். எங்கள் மகனுக்கு அது நான்கு நாள் தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் அவனே செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றான்.